நாலு பித்தானும் ஓர் இடைவெளியும்

ஏப்ரல் 27, 1974. சனி.

ஹோயட் மத்தியானம் பூட்ஸ் சேற்றோடு சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டான். காலையில்தான் தரை துடைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள், "அக்கா, அப்புறமா திட்டு. முதல்ல இதைப் பாரு" என்று கைக்குட்டையை மேஜையில் விரித்தான்.

நாலு பித்தான். எல்லாவற்றிலும் சிவப்புக் களிமண் அப்பியிருந்தது. கட்டைவிரலால் தடவினேன். தேய்க்கவில்லை. மண்ணிலிருந்து வந்த பித்தானைத் தேய்க்கவே கூடாது. பொன்முலாம் ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இந்த ஊரில் உலோகம் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காடு மேடு அலைகிறவன்கள் பாதிப்பேர் பற்பசை போட்டுத் தேய்த்து, வெள்ளைத் தகடாக்கிக் கொண்டுவந்து, "இது எந்த வருஷம், வெர்னா?" என்கிறான்கள். என்னத்தைச் சொல்வது!

விரலுக்கடியில் இறக்கை விரித்த பறவை ஒன்று தட்டுப்பட்டது. கழுகு.

"எங்கே?" என்றேன்.

"அப்பா நிலத்துல, தேவதாரு மரத்து மூலை."

அப்பா இருந்தவரைக்கும் அந்த மூலையில் யாரையும் கால் வைக்கவிடவில்லை. ஈரம், பாம்பு, நிலம் சரியில்லை என்பார். ஹோயட்டின் கை இருபது வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. அப்பா ஜனவரியில் போனார். பாவி, நாலு மாசம்கூடப் பொறுக்கவில்லை.

நாலும் ஒரே கோட்டில் கிடந்தனவாம். பித்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் தொலைந்த பித்தான். வரிசையாகக் கிடந்தால் கீழே ஆள் படுத்திருக்கிறான். ஹோயட்டுக்கும் தெரியும். எலும்பு தெரிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றானாம்.

அவன் நோட்டில் அளவு எழுதியிருக்கிறான்: முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஆறு விரல். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு சாண். மூன்றுக்கும் நாலுக்கும் ஆறு விரல். "நடுவுல மட்டும் ஏன் ஒரு சாண்?" என்று கேட்டான். கலப்பை தள்ளியிருக்கும் என்றேன். நாலு பித்தான், கழுகு. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாயின் குட்டைக் கோட்டுக்கு நாலுதான். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 28. ஞாயிறு.

சர்ச் முடிந்து அடுப்பில் பீன்ஸ் வைப்பதற்குள் வாசலில் மூன்று வண்டி. ஷெரிப் வந்து எலும்பைப் பார்த்தார். மண்டையோட்டின் பின்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. "போர்ல பட்ட குண்டு" என்றார். அவ்வளவுதான் விசாரணை. இந்த ஊரில் போர் என்றால் தெற்கும் வடக்கும் மோதிய அந்த ஒரே போர்தான்; அப்புறம் நடந்ததெல்லாம் வெளியூர்ச் சண்டை.

சிப்பாய் நினைவுச் சங்கத்தின் வேட் ஸ்ட்ரிக்லண்டும் வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் விற்கிறவர், சங்கத்தில் கர்னல். கழுகு வடக்கத்தியான் பித்தானாயிற்றே என்றேன்.

"அதனால என்ன, வெர்னா? கடைசி வருஷத்துல நம்ம பசங்களுக்கு ஏது துணி? செத்தவன் கோட்டைக் கழட்டித்தான் போட்டுக்கிட்டாங்க. நீ வருஷத்தை மட்டும் எழுதிக் குடு, அவன் யாருங்கறதை நாங்க பாத்துக்கறோம்."

எழுதிக் கொடுத்தேன். "1861 முதல் 65 வரை. சந்தேகமில்லை." கையெழுத்தும் போட்டேன். எலும்பை அடக்க நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஜூன் 3, நினைவு நாளன்று, ஊர்வலத்தோடு அடக்கம். என் பேரும் நோட்டீஸில் வருமாம். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மே 3. வெள்ளி.

நான் வேலை பார்க்கும் தையல் கடையில் எல்லோருக்கும் இதே பேச்சு. ஓசெல்லா இஸ்திரி மேஜையிலிருந்து நிமிரவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் இஸ்திரி போட்டுத் தருவாள், நான் தைத்துத் தருவேன். இப்போது வயசாகிவிட்டது என்று செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறாள்.

"உனக்கு ஒண்ணும் தோணலையா ஓசெல்லா? நூறு வருஷமா ஒருத்தன் எங்க நிலத்துல கிடந்திருக்கான்!"

"தோணுது, மிஸ் வெர்னா. அவன் அம்மா எத்தனை நாள் வாசலைப் பாத்திருப்பாளோன்னு தோணுது." இஸ்திரிப்பெட்டியின் ஆவி புஸ்ஸென்றது. "உங்க பேர் நோட்டீஸ்ல வருதாமே? இனிமே எங்ககூடல்லாம் பேசுவீங்களா?"

போடி என்றேன். சிரித்தாள்.

மே 12. ஞாயிறு. அன்னையர் தினம்.

அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். அம்மாவின் பித்தான் டப்பாவை எடுத்துக் கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டிருந்தேன். பழைய பிஸ்கட் டப்பா. நாலு வயதில் அதைக் கவிழ்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததுதான் என் பள்ளிக்கூடம். எலும்புப் பித்தான், சிப்பிப் பித்தான், சிவப்பு நூல் தொங்குகிற என் செல்லப் பித்தான்… எல்லாம் அப்படியே இருக்கின்றன. டப்பாவைத் திறக்கவில்லை. சத்தமே போதும்.

மே 19. ஞாயிறு.

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

நேற்று ஸ்ட்ரிக்லண்டு பித்தான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊர்வலத்தில் வெல்வெட் தலையணையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்களாம், பளபளவென்று வேண்டுமாம். தேய்க்க மாட்டேன், மண்ணை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்றேன். இன்று மத்தியானம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டு, பல்குச்சியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்தேன். ஜன்னலோரம், நல்ல வெயில்.

பொன் இல்லை. அந்தக் காலத்துப் பித்தான் நூறு வருஷம் மண்ணில் கிடந்தாலும் ஓர் இடுக்கிலாவது பொன் ஒளிந்திருக்கும். நாலிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. பழுப்பு வெண்கலம். முலாம் போட்டதே கிடையாது.

கழுகின் தலைக்கு மேல் இன்னும் மண் இருந்தது. அதை எடுத்தேன். ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து.

நட்சத்திரக் கழுகு. 1902-இல்தான் ராணுவத்துக்கே வந்தது. அதற்கு முன்னால் எந்தச் சிப்பாயின் மார்பிலும் அது இருக்க வழியே இல்லை. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! முகத்தைப் பார்த்து ஏமாறாதே, தலைக்கு மேல் என்ன இருக்கிறது பார் என்று! நானே பார்க்கவில்லை. நாலு என்றதும் மூளையை மூடி வைத்துவிட்டேன்.

பழுப்பு வெண்கலம் என்றால் காக்கிக் கோட்டு. காக்கிக் கோட்டு என்றால் பிரான்ஸ், முதல் உலகப் போர். 1917, 18.

அந்தக் கோட்டுக்கு ஐந்து பித்தான்.

ஐந்து. நடுவில் ஒரு சாண். இரண்டு தரம் ஆறு விரல். கலப்பை தள்ளியிருக்குமாம்! அந்த மூலையில் கலப்பையே போனதில்லையேடி, அப்பா எங்கே விட்டார்?

மே 20. திங்கள்.

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

காலையில் டப்பாவைத் திறந்தேன். பயந்துகொண்டே, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. விரலுக்குத் தெரியும். சிவப்பு நூல் தொங்குகிற என் செல்லம். பழுப்பு வெண்கலம், இறக்கை விரித்த கழுகு, தலைக்கு மேல் நட்சத்திரம். நாலோடு வைத்தேன். ஒரே அச்சு.

கடவுளே. கடவுளே.

இதை வைத்துக்கொண்டுதானே எல்லாம் தொடங்கிற்று? "இது யாரோடது அப்பா?" என்று கேட்டேன். சந்தையில் கிடைத்தது என்றார். அப்பா ராணுவத்துக்குப் போனதே இல்லை, பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு தெரிந்த நான், நாற்பது வருஷம் பித்தான் படித்த நான், இந்த ஒரு பித்தானை மட்டும் ஏன் படிக்கவே இல்லை?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது. கிழித்தெடுத்தது மாதிரி, காக்கி நிறம், ஒரு பக்கம் கறுப்பாக விறைத்துப்போயிருந்தது. அழுக்கு என்று நினைத்து நான்தான் கத்தரித்து அடுப்பில் போட்டேன். எனக்கு ஏழு வயது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

சாயங்காலம் ஹோயட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்தையும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான். பிறகு, "கொண்டுவந்தது தாத்தாவா இருக்கலாம். ஊர்க்காரங்க யாராவது குடுத்திருக்கலாம். அப்பாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"தெரியாது. பித்தான் நம்ம வீட்டுல இருக்கு, ஹோயட். ஆள் நம்ம நிலத்துல இருக்கான்."

"அப்பா செத்து ஆறு மாசம் ஆகலை அக்கா! டப்பாவை மூடு. நாலுன்னு சொன்னே, நாலாவே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம்? அது எனக்கும் தெரியவில்லை. யார் என்றே தெரியவில்லையே.

மே 21. செவ்வாய்.

தெரிந்துவிட்டது.

நான் கேட்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓசெல்லாதான் காபி கொண்டுவந்து வைத்தாள். என்ன ஆச்சு என்றாள். அந்தச் சிப்பாய் நினைப்புதான் என்றேன். அது பொய் இல்லை.

"நீங்க எதுக்கு இப்படி உருகறீங்க? நூறு வருஷத்துக்கு முந்திப் போனவன். எங்க வீட்டுலயும் ஒரு சிப்பாய் இருந்தான், அவனுக்கே நான் உருகறதில்ல."

"யாரு?"

"எங்க அண்ணன். ஐசம். பிரான்சுல கப்பல் மூட்டை இறக்கிட்டு வந்தான். பத்தொம்பதுல, மார்ச் மாசம். ஸ்டேஷன்ல இறங்கினதுமே நாலு வெள்ளைக்காரங்க, கறுப்பனுக்கு எதுக்கு ராணுவக் கோட்டு, கழட்டுன்னாங்களாம். மாட்டேன்னுட்டான். அரசாங்கம் குடுத்தது, நான் உழைச்சு வாங்கினதுன்னானாம். வீட்டுல ஒரே பெருமை. வழியில ஒரு பித்தான் தொங்கிப்போச்சு. எனக்குப் பதினொரு வயசு, நான் தைக்கறேன்னு குதிச்சேன். காக்கி நூலுக்கு எங்கே போறது? அம்மாகிட்ட சிவப்புதான் இருந்துச்சு. சிவப்புலயே தைச்சேன். 'பாரு, எனக்கு மெடல் குத்திட்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான்." சிரித்தாள். உடனே முகம் சுண்டிப்போயிற்று. "நாலாம் நாள் காணோம். சிகாகோவுக்கு ரயிலேறிட்டான். ஒரு லெட்டர் இல்ல. அம்மா வருஷா வருஷம் சிகாகோ தபாலாபீஸுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு போட்டா. எல்லாம் திரும்பி வந்துச்சு. நன்றிகெட்ட நாய்னு அவனைத் திட்டிட்டேதான் செத்தா. நானும் திட்டிட்டுத்தான் இருக்கேன்."

காபியைக் கீழே வைத்தேன். "ரயிலேறினான்னு… யார் சொன்னது?"

"உங்க அப்பாதான், மிஸ் வெர்னா! வீடு தேடி வந்து சொன்னாரே. 'நான் கண்ணால பாத்தேன், தேடாதீங்க'ன்னு. வேற எந்த வெள்ளைக்காரர் எங்க வாசல் வரைக்கும் வந்து சொல்லியிருப்பாரு? அந்த நன்றிக்குத்தான் ஜனவரில அவர் போனப்போ உங்க வீட்டுக்குக் கேக் சுட்டுக் கொண்டுவந்தேன்."

அந்தக் கேக்கை நான் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 22. புதன்.

சொல்லவில்லை.

மே 23. வியாழன்.

சொல்லவில்லை. நாளை அவள் வருகிற நாள். வராமலிருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சீ, நான் என்ன பிறவி!

மே 24. வெள்ளி.

பித்தானைக் கைக்குட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். எப்படித் தொடங்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு, இஸ்திரி மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

ஓசெல்லா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். பித்தானைத் தொடவில்லை. நூலைத்தான் தொட்டாள், விரல் நுனியால்.

"முடிச்சு ரெண்டு தரம் போட்டிருப்பேன்" என்றாள். "அவிழ்ந்துடக்கூடாதுன்னு."

இரண்டு முடிச்சு இருந்தது.

"எங்கே கிடைச்சுது?"

எல்லாம் சொன்னேன். டப்பா, தேவதாரு மூலை, ஒரு சாண், மண்டையோட்டு ஓட்டை. கத்தரித்து அடுப்பில் போட்ட துணியையும் சொன்னேன். அப்பா சந்தையில் கிடைத்தது என்று சொன்னதையும் சொன்னேன். எதையும் விடவில்லை. விட்டால் அப்புறம் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷம்!

"அம்பத்தஞ்சு வருஷமா அவனைத் திட்டினேன்" என்றாள். "எம் மவனுக்கு அவன் பேரை வைக்கணும்னு எம் புருஷன் கேட்டப்பகூட, அந்த ஓடுகாலி பேரா, வேண்டவே வேண்டாம்னேன். இங்கேயே கிடந்திருக்கான். வாரத்துக்கு ரெண்டு தரம் உங்க நிலத்தைத் தாண்டித்தானே நான் வேலைக்கு வரேன்?" கண்ணாடியைக் கழற்றினாள். "இனிமே நான் யாரைத் திட்டறது? சொல்லு."

சொல்லு என்றாள். சொல்லுங்க என்று சொல்லவில்லை.

"எங்க அப்பாவை" என்றேன்.

பித்தானைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பையை மறந்துவிட்டாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மே 25. சனி.

ஷெரிப்பிடம் போய் என் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். தப்பு என்று எழுதி, நாலு பித்தானையும் சேர்த்துக் கொடுத்தேன். என்ன தப்பு, எப்படித் தப்பு, டப்பா உட்பட. "அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா, யாரைப் பிடிச்சு உள்ளே போடறது?" என்றார். யாரையும் போட வேண்டாம், எலும்பை அதன் ஆளுக்குக் கொடுங்கள் என்றேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் மறுபடி படித்தார். தன் அப்பா பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஸ்டேஷனில் நாலு பேராமே.

கடைசியில் தருகிறேன் என்றார். நான் எழுதியதை நாலு பத்திரிகைக்கும் அனுப்புவேன் என்று சொன்ன பிறகு.

ஸ்ட்ரிக்லண்டு வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார். "வெர்னா, உனக்குப் பைத்தியமா? பெட்டி செஞ்சாச்சு! பேண்டு சொல்லியாச்சு! மூணு கவுண்டியிலேருந்து ஆளுங்க வராங்க! நீதானே சந்தேகமில்லைன்னு எழுதினே?"

"நான்தான். மண்ணை எடுத்துப் பாக்காம எழுதிட்டேன்."

"ஒரு பித்தானுக்காகப் பெத்த அப்பனை…"

கதவைச் சாத்தினேன். அந்த வாக்கியத்தை அவர் என்னிடம் முடிக்கத் தேவையில்லை. நானே இந்த ஐந்து நாளில் நூறு தரம் முடித்துவிட்டேன். அப்பா எனக்கு மழைநாளில் காலணி காயவைத்துத் தருவார். கடைசி மாசம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். அந்தக் கையா? அந்தக் கைதானா?

மே 28. செவ்வாய்.

ஓசெல்லா வரவில்லை. கசங்கிய சட்டைகள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. யாரும் அந்த இஸ்திரிப்பெட்டியைத் தொடவில்லை.

ஜூன் 3. திங்கள்.

ஊர்வலம் நடந்தது! வெறும் பெட்டியோடு. கோழி பொரித்தாகிவிட்டது, பேண்டு வந்தாகிவிட்டது, என்ன செய்வார்கள்? ஆறு பேர் தெற்குப் படையின் சாம்பல் நிறச் சட்டையில், காலிப் பெட்டியை ரொம்பக் கனமானது மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். வெல்வெட் தலையணையில் ஒன்றுமில்லை. துப்பாக்கி மூன்று தரம் சுட்டார்கள். கடை ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிர்ப் பக்கம் ஹோயட் நின்றிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 11. செவ்வாய்.

ஓசெல்லா வந்தாள். வேலைக்கு இல்லை. கையில் ஒரு காக்கிக் கோட்டு, அவள் மகன் எங்கேயோ தேடி வாங்கியது. பித்தான் எதுவும் இல்லாமல். ஷெரிப் கொடுத்த நாலும், டப்பாவிலிருந்த ஒன்றும், என் கைக்குட்டையிலேயே இருந்தன.

"நீதானே இங்கே தைக்கறவ" என்றாள். "நாலைத் தை. நடுவுலதை விட்டுடு, அதை நான் தைச்சுக்கறேன்."

அவள் முன்னாலேயே தைத்தேன். ஆறு விரல் இடைவெளி, அளந்து வைத்தேன். நடுவில் வந்ததும் கோட்டை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து சிவப்பு நூல்கண்டு எடுத்தாள். பழைய நூலை அறுக்கவில்லை, அதன் மேலேயே தைத்தாள். ஊசி கோக்க மட்டும் என்னிடம் நீட்டினாள், கண் சரியாகத் தெரிவதில்லை. கோத்துக் கொடுத்தேன்.

"கல்லறைக் கல்லுல தேதி போடணும். பித்தானுக்குத் தேதி சொல்றவ நீ. என்ன போட?"

"பத்தொம்பதுன்னு போடுங்க. மார்ச் மாசம். அவர் எங்கேயும் போகலை, ஓசெல்லா. உங்ககிட்ட வந்துட்டு, எங்கேயும் போகவே இல்லை."

அவள் கோட்டை மடித்தாள். வாசல் வரை போய்விட்டு நின்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை அடக்கம். வா. முன்னால உக்காராதே. ஆனா வா."

ஜூன் 16. ஞாயிறு. தந்தையர் தினம்.

காலையில் ஹோயட் பூ வாங்கிக்கொண்டு அப்பா கல்லறைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். மூன்று வாரத்தில் முதல் தரம். வருகிறாயா என்று கேட்கத்தான் வந்திருக்கிறான் பாவம். கறுப்புச் சட்டையில் நான் படியிறங்குவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான், அது ஒரு தரமும் திரும்பவில்லை. எலும்பின் மேல் அந்தக் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் நடுவில் அந்தச் சிவப்பு தெரிந்தது.

போதகர் கல்லில் இருப்பதைச் சத்தமாக வாசித்தார். ஐசம் மேபரி, சிப்பாய், 1896–1919. "வீட்டுக்கு வந்தான்" என்று கீழே ஒரு வரி. பிறகு ஓசெல்லா எழுந்து, ஒரு பழைய செருப்புப் பெட்டியைத் திறந்து, கட்டு கட்டாகக் கார்டுகளைச் சவப்பெட்டிக்குள் வைத்தாள். கிறிஸ்துமஸ் கார்டுகள். சிகாகோவிலிருந்து திரும்பி வந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

பித்தான் டப்பாவை இன்று மூடி வைத்துவிட்டேன். குலுக்கிப் பார்த்தேன், அதே சத்தம்தான் கேட்கிறது. ஒரு பித்தான் குறைந்தது அதற்குத் தெரியவே இல்லை.